துவைக்கிற இடத்துக்கு ஐயாயிரம் ரூபாய்

எங்கள் வாடகை வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. பிளானில் அதன் பெயர் ‘சர்வீஸ் ஏரியா’. நாலடி அகலம், ஏழடி நீளம். ஒரு பக்கம் இடுப்பு உயரச் சுவர், அதற்கு மேல் கம்பி போட்ட திறப்பு, அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். வாஷிங் மெஷின், இரண்டு பக்கெட், மாப், விளக்குமாறு, காலித் தண்ணீர் கேன், போன பொங்கலுக்கு வாங்கின மண்பானை எல்லாம் அங்கேதான். விருந்தாளி வந்தால் முதலில் சாத்துகிற கதவு அதுதான்.

அம்மா எங்களோடு வந்து தங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வந்த மறுநாளே துணி துவைக்கிற வேலையை எடுத்துக்கொண்டாங்க. நான் ஒன்றும் தடுக்கவில்லை. அதை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு அது முக்கியம். இரண்டு வருஷத்தில் நான் அந்தச் சந்துக்குள் போனது விளக்குமாறு எடுக்கத்தான்.

தீபாவளிக்கு முன்னால் அதைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கலாம் என்று தோன்றியது. 5,000 ரூபாய் ஒதுக்கினேன். இணையத்தில் படங்கள் பார்த்தேன். வெள்ளை அலமாரி, பிரம்புக் கூடை, கண்ணாடி ஜாடிக்குள் சோப்புத்தூள், சுவரில் செங்கல் மாதிரி ஒட்டுகிற ஸ்டிக்கர். எல்லாவற்றையும் விலை போட்டு ஒரு பட்டியல்கூட எழுதிவிட்டேன். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் படங்களில் எங்கேயும் ஈரமே இல்லை. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, கொடி கிடையாது. அதெல்லாம் குளிர்நாட்டு வீடுகள். மெஷினின் தண்ணீர் குழாய் வழியாகச் சுவருக்குள் போய்விடும், துணி டிரையரில் காய்ந்துவிடும். அங்கே துவைக்கிற இடம் என்பது ஒரு உலர்ந்த அறை. நம்முடையது அப்படி இல்லை. குழாய் சிந்தும், பக்கெட் வழியும், காலர் அழுக்கைக் கையால் கசக்கவேண்டி வரும், மழைக்காலத்தில் துணியும் அங்கேயே தொங்கும். ஈரம் புழங்குகிற இடத்துக்கு உலர்ந்த இடத்தின் அலங்காரத்தை வாங்கப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டிக்கருக்கு அளவு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை நகர்த்தினேன். வெறுங்கால், தரையில் ஈரம். கை வைத்ததும் சுருக்கென்று கிள்ளியது. முதலில் ஏதோ தகரம் கீறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி புறங்கையால் தொட்டேன். மறுபடி கிள்ளியது. (மறுபடி தொட்டது முட்டாள்தனம். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

“அம்மா, இது ஷாக் அடிக்குதே!”

“ஆமாடா, அது கிள்ளும். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடணும்.”

“எத்தனை நாளா?”

“வந்ததுலேர்ந்தே இப்படித்தான். பழைய மெஷின்ல, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

அம்மா சந்துக்குள் போகும்போது ஒரு நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போவாங்க. ஈரத்தில் வழுக்காமல் இருக்க என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அந்தச் செருப்புதான் எங்கள் வீட்டின் மின் பாதுகாப்பு ஏற்பாடு.

ஸ்டிக்கர் பட்டியல் அன்றைக்கே போய்விட்டது. இந்தக் கிள்ளலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ‘மெஷின்னா அப்படித்தான் இருக்கும்’ என்று பல வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி இருக்கக் கூடாது.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் மின்சாரம் நுழைகிற இடத்தில் ஒரு சிறு வடிகட்டிச் சுற்று வைத்திருப்பார்கள். மின்கம்பியில் வருகிற, மெஷின் கிளப்பிவிடுகிற மின் இரைச்சலை அது அடக்கும். அதில் இரண்டு சின்ன மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து மெஷினின் உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து அதே உடம்புக்கு. எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் இந்த வழியாகக் கசிகிற துளி மின்சாரம் எர்த்தில் இறங்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் மெஷினின் உடம்பு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நட்டநடுவில் மாட்டிக்கொண்டு தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115. நான் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 110-க்குப் பக்கத்தில் காட்டியது. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் மங்கலாக எரிந்தது.

வோல்ட் எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்தத் தேக்கிகள் வழியாக வரக்கூடிய மின்னோட்டம் மிகச் சின்னது, அதனால்தான் கிள்ளலோடு நிற்கிறது. ஆபத்து அந்தக் கிள்ளலில் இல்லை, அது சொல்கிற செய்தியில் இருக்கிறது. உங்கள் மெஷினுக்கு எர்த் இல்லை என்பதுதான் அந்தச் செய்தி. நாளைக்கு மோட்டாரின் இன்சுலேஷன் தேய்ந்தாலோ, உள்ளே ஒரு கம்பியை எலி கடித்தாலோ முழு 230 வோல்ட்டும் அந்தத் தகர உடம்புக்கு வந்துவிடும். அப்போது தடுக்க தேக்கி இருக்காது. ஈரத் தரையில் நிற்கிற மனுஷர்தான் எர்த் கம்பி ஆவார்.

நம் மூணு பின் பிளக்கைக் கவனித்துப் பாருங்கள். மேலே இருக்கிற எர்த் பின் மட்டும் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளமும் கூட. சொருகும்போது அது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது அது கடைசியாக விடவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் சாக்கெட்டில் அந்தப் பெரிய ஓட்டை இருந்தது, பின்னும் அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது. பலகையைக் கழற்றிப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சந்தில் பல்ப் போடுவதற்காக எப்போதோ இழுத்த இரண்டு கம்பியிலிருந்து யாரோ சாக்கெட்டுக்கும் இழுத்துவிட்டிருக்கிறார். பச்சைக் கம்பிக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் ரொம்பச் சுலபமான வழி ஒன்று சொன்னார். “சார், நியூட்ரலையும் எர்த்தையும் இங்கேயே ஒரு லூப் போட்டுடறேன். ஷாக் நின்னுடும். அஞ்சு நிமிஷ வேலை.”

நின்றுவிடும், உண்மைதான். ஆனால் எங்காவது அந்த நியூட்ரல் கம்பி ஒருநாள் அறுந்தது என்றால் என்ன ஆகும்? மெஷின் வழியாக வந்த ஃபேஸ் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த லூப் வழியாக மெஷினின் உடம்புக்கே வந்து நிற்கும், முழு 230. இந்தச் சுலப வழியை யார் சொன்னாலும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவர் கொஞ்சம் வயசானவர். வந்ததும் பலகையைத் தொடவில்லை, கீழே போய் எர்த் குழி எங்கே என்று தேடினார். பைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூடி உடைந்து, குப்பை நிரம்பி இருந்தது. “கோடைல இதுல யாராவது தண்ணி ஊத்துறாங்களா சார்?” என்றார். யாரும் ஊற்றுவதில்லை. எர்த் குழி என்றால் ஏதோ பெரிய கருவி என்று நினைக்கிறோம். பழைய முறையில் அது மண்ணுக்குள் ஒரு இரும்புக் குழாய், சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும். அந்தக் கலவை ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் மண்ணுக்குள் சரியாக இறங்கும். குப்பையை எடுத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். அப்புறம் சமையலறை பவர் பிளக்கில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார். முழு வெளிச்சத்தில் எரிந்தது. “எர்த் நல்லாத்தான் இருக்கு. உங்க சந்துக்குத்தான் வரலை.” (இந்தப் பல்ப் சோதனையை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். தொழில் தெரிந்தவர் செய்யட்டும்.)

அந்தப் பவர் பிளக்கிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, எர்த்தோடு சேர்த்து மூன்று, சுவர்மேல் பிவிசி கேசிங்கில் இழுத்துக்கொண்டு வந்தார். வாடகை வீட்டில் சுவரைக் கொத்த முடியாது. மெஷின் தரையிலிருந்து நாலடி உயரத்தில், தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ப்பக்கம் புது சாக்கெட். எங்களுடையது மேலே மூடி திறக்கிற டாப் லோடு, தண்ணீரைச் சூடாக்காது, ஐந்நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு என்றால் ஹீட்டர் இருக்கும், 2,000 வாட் வரை போகும். அதாவது சுமார் 9 ஆம்ப். அதைச் சின்ன 6 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டவே கூடாது. மெஷின் மாற்றும் யோசனை இருப்பவர்கள் முதலில் சாக்கெட்டைப் பாருங்கள்.

கூடவே ஒரு ஆர்சிசிபி. எங்கள் செலவிலேயே பெரிய செலவு இதுதான், ஒரு சின்னப் பெட்டிக்கு 1,900 ரூபாய். இது செய்கிற வேலை கணக்குப்பிள்ளை வேலை. ஃபேஸில் எவ்வளவு போகிறது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருக்கவேண்டும். 30 மில்லி ஆம்ப் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ வெளியே போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். நம் வீடுகளில் இருக்கிற எம்சிபி இதைச் செய்யாது. அது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் விழும். ஒரு மனுஷரைக் கொல்லத் தேவையான மின்னோட்டம் எம்சிபியின் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆர்சிசிபியில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒருதரம் அழுத்தினால் படக்கென்று விழவேண்டும். அமாவாசைக்கு அமாவாசை அழுத்துவது என்று வைத்துக்கொண்டோம், அம்மாவுக்கு அந்த நாள் மறக்காது.

ஆக, கம்பி, சாக்கெட், கேசிங் 900, ஆர்சிசிபி 1,900, கூலி 800. 5,000-த்தில் 3,600 போய்விட்டது. சந்து முன்னைவிட அசிங்கமாக இருந்தது, வெள்ளைக் கேசிங் அழுக்குச் சுவரில் பளிச்சென்று கோடு போட்டமாதிரி.

அடுத்தது தண்ணீர். சந்தின் இந்த மூலையில் மெஷின், அந்த மூலையில் நஹானி ட்ராப். மெஷின் விடுகிற தண்ணீர் மொத்தமும் தரையில் ஏழடி ஊர்ந்து போய்த்தான் விழவேண்டும். வாட்டமும் சரியில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பாதி வழியில் நின்று யோசித்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு வாட்டம் சரி பண்ணினால் பட்ஜெட் அதோடு முடிந்தது. வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் அம்மா சொன்னாங்க, “மெஷினைத் தூக்கி அந்த மூலைல வையேன்.”

செலவு பூஜ்யம். (சாக்கெட் போடுவதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சு வந்தது நல்லதாகப் போயிற்று.)

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் மெஷினில் பம்ப் இல்லை. அடியில் ஒரு வால்வு திறக்கும், தண்ணீர் தானாக இறங்கும். அதனால் அதன் டியூப் எங்கேயும் மேலே ஏறக் கூடாது, மடங்கக் கூடாது. ஏறினால் அழுக்குத் தண்ணீர் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். துணியில் வருகிற அந்தப் புழுங்கல் நாற்றத்துக்கு எங்கள் வீட்டில் இதுதான் காரணம். நான் அது தெரியாமல் வாசனைத் திரவம் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். பம்ப் உள்ள மெஷின்களுக்கு இது தலைகீழ். டியூபின் முனையைத் தரையில் போட்டால் சைஃபன் மாதிரி, நிரம்ப நிரம்பத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அவற்றுக்கு டியூபை உயரத்தில் மாட்டவேண்டும். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மெஷினுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து உயர்த்தினால் தண்ணீர் இன்னும் சுலபமாக இறங்கும், அடியில் பெருக்கவும் முடியும். வாங்கி வைத்தும் பார்த்தேன். அம்மா ஐந்தடிக்குக் குறைவு. தொட்டியின் அடியில் கிடக்கிற கர்ச்சீப்பை எடுக்க எட்டிக் குனிந்தபோது கால் தரையை விட்டு எழும்பியது. அன்றே ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்தேன். துவைக்கிற இடத்தில் எந்தப் பொருளையும் அங்கே நிற்கப்போகிறவரின் உயரத்துக்கு வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சோப்பு வைக்கிற தட்டு, குழாய், கொடி எல்லாமே என் உயரத்துக்குத்தான் இருந்தன, அங்கே போகாத என் உயரத்துக்கு. தட்டை ஒரு அடி இறக்கினோம். சமையலறையில் சும்மா கிடந்த முக்காலி ஒன்று கசக்குகிற வேலைக்கு வந்தது. டியூபிலிருந்து ட்ராப் வரைக்கும் ஒன்றரை அடி பிவிசி குழாய், ஒரு எல்போ, புது ஜாலி, 420 ரூபாய். இப்போது தண்ணீர் தரையைத் தொடுவதே இல்லை.

இங்கே ஒரு கிளைப்பேச்சு. பழைய வீடுகளில் துவைக்க என்று வீட்டுக்குள் இடமே கிடையாது. கிணற்றடி, குளத்தங்கரை, ஆற்றங்கரை. வசதியான வீடுகளில் அழுக்குத் துணியை வண்ணாரிடம் போட்டுவிடுவார்கள். அவர் அதை உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவி வைத்து, வெளுத்துக்கொண்டு வருவார். கொண்டு வருபவரைக் கொல்லைப்பக்கத்தோடு நிறுத்திவைக்கிற வழக்கமும் அதோடு சேர்ந்தது. சென்னை வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே கம்பெனிக் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால்தான். ஊரின் ஒரு பெரிய வியாபாரம் அவர்கள் கையில் நின்றிருந்தும், வீட்டில் அவர்களுக்கு இடம் பின்வாசல். ஃப்ளாட்டில் கொல்லை கிடையாது, அதன் மிச்சம்தான் இந்தச் சர்வீஸ் ஏரியா. கட்டும்போதும் கடைசியாக மிஞ்சின ஒயர், கடைசியாக மிஞ்சின டைல்ஸ் அங்கே போகும். அழுக்கு எடுக்கிறவர் நிற்கிற இடத்துக்கு அவ்வளவு போதும் என்ற நினைப்பு செங்கல் சிமெண்டிலும் ஊறியிருக்கிறது. நானும் அதே நினைப்பில்தான் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன்.

சரி, சுவருக்கு வருவோம். முன்பு யாரோ எமல்ஷன் அடித்திருந்தார்கள், அது அப்பளம் மாதிரிப் பொரிந்து உரிந்துகொண்டிருந்தது. எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல். சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியே வர முடியாமல் அதைத் தள்ளிக்கொண்டு எழும்பும், கூடவே உப்பும் பூக்கும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்கும் இதே கதி, அடியில் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். உரிந்ததைச் சுரண்டிவிட்டு வெறும் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக மாறும். ஈரத்தை உள்ளே அடைக்காமல் விடும், அதன் காரத்தன்மையில் பூஞ்சை சுலபமாக வளராது. குறையும் உண்டு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டும். அடிக்கும்போது கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே அடிக்கும்போது இது முக்கியம்.

சுண்ணாம்பில் அம்மா ஒரு சிட்டிகை நீலம் போடச் சொன்னாங்க. வேஷ்டிக்குப் போடுகிற அதே நீலம். சுவரும் வேஷ்டியும் வெளுப்பாகத் தெரிவதற்குக் காரணம் ஒன்றுதான். பழுத்த மஞ்சளின் மேல் துளி நீலம் பட்டால் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். கறை போகவில்லை, கண்ணை ஏமாற்றுகிறோம். இந்தத் தூள் நீலத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை இடித்து எடுத்த அல்ட்ராமரீன் ஒருகாலத்தில் ஐரோப்பிய ஓவியர்களுக்குத் தங்க விலைக்கு விற்றது. அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்குப் பிரான்ஸில் ஒரு பரிசு அறிவித்தார்கள், 1828-ல் கீமே என்ற வேதியியலாளர் அதைப் பெற்றார். அதன்பிறகு விலை சரிந்து சரிந்து, ஓவியரின் தட்டிலிருந்து நம் சலவை வாளிக்கு வந்து சேர்ந்தது. சுண்ணாம்பு, நீலம், பிரஷ் எல்லாம் சேர்த்து 350 ரூபாய். அத்தோடு 280 ரூபாய்க்கு ஒரு 20 வாட் எல்இடி பட்டி விளக்கு, தண்ணீர் தெறிக்காத உயரத்தில். வெள்ளைச் சுவரும் அதுவும் சேர்ந்ததும் சந்து இரண்டு மடங்கு பெரிசாகத் தெரிந்தது. முன்பு பல்ப் வெளிச்சத்தில் காலர் கறை தெரியாமல் அம்மா சட்டையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருவாங்களாம். இதுவும் எனக்குப் புதுச் செய்தி.

துணி காயப்போடுவதற்கு ஒரு சின்னச் சோதனை செய்தேன். துவைப்பதற்கு முன் ஒரு ஈடு துணி 4 கிலோ. ஸ்பின் முடிந்து வெளியே வந்தபோது 6.2 கிலோ. அதாவது 2.2 லிட்டர் தண்ணீர் அந்த நாலடிச் சந்தின் காற்றில் போய்ச் சேரவேண்டும். அவ்வளவு தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். மொட்டைமாடியில் வெயில் இதை இலவசமாகத் தருகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மாடிக்குப் போக முடியாது. மூணு மாடி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு ஏற அம்மாவின் முழங்காலும் சம்மதிக்காது.

மழைநாளில் வெப்பத்தைவிடக் காற்றோட்டம்தான் கைகொடுக்கும். துணியை ஒட்டி நிற்கிற காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் அதற்குமேல் வாங்காது, அதை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். சுவரோரமாக இருந்த கொடியை அவிழ்த்துவிட்டு, கம்பித் திறப்புக்கு நேரே, கயிறு இழுத்தால் ஏறி இறங்குகிற சீலிங் ஹேங்கர் மாட்டினோம், 750 ரூபாய். கீழே இறக்கித் துணி போட்டு மேலே ஏற்றிவிடலாம், கை தூக்கவேண்டியதில்லை. நீளத் துணி ஒன்று, குட்டைத் துணி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் நடுவில் காற்று புகும். ஓரத்தில் பழைய டேபிள் ஃபேன். அதையும் அந்த ஆர்சிசிபி லைனில்தான் மாட்டியிருக்கிறோம். ஒரே மாதிரியான இரண்டு பனியனை வைத்துப் பார்த்தேன். ஃபேன் பக்கத்தில் இருந்தது மதியமே காய்ந்துவிட்டது, பழைய ஆணியில் சுவரை ஒட்டித் தொங்கினது ராத்திரி வரைக்கும் நசநசவென்றுதான் இருந்தது.

தண்ணீரின் உப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைத் தாளில் பார்த்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் வாக்கில் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்று இருக்கிறது. இந்தத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காமல் சாம்பல்நிறப் பிசுக்காகத் துணியில் படியும். கூடத் தூள் போட்டால் சரியாகும் என்று போட்டுக்கொண்டே இருக்கிறோம், அது அலசப்படாமல் துணியை மொடமொடவென்று ஆக்கும். நாங்கள் கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் விடுகிறோம், வித்தியாசம் தெரிகிறது. மாசம் ஒருதரம் தண்ணீர் வருகிற டியூபின் வாயில் இருக்கிற சல்லடையைக் கழற்றிக் கழுவுவது, வருஷம் இரண்டுதரம் சிட்ரிக் ஆசிட் போட்டு மெஷினை வெறுமனே ஓடவிடுவது. அப்போது பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு வரும். அந்த அடைசல் சந்தில் அது விளையாட்டில்லை.

மொத்தம் 5,400. பட்ஜெட்டை 400 மீறிவிட்டேன். வீட்டுக்காரரிடம் பழைய சாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒயரிங் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அதைவிட, மற்ற வீடுகளின் சந்தையும் பார்க்கச் சொல்லி அதே எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். எட்டு வீட்டில் ஐந்து வீட்டில் பச்சைக் கம்பி இல்லை. மூன்று வீட்டில், கேட்டபோது, “ஆமா, லேசா கிள்ளும்” என்றார்கள். மூன்று பேரும் பெண்கள். அந்த வீடுகளின் ஆண்களுக்கு யாருக்கும் தெரியாது.

பிரம்புக் கூடை வாங்கவில்லை. மண்பானையை மாடிக்கு அனுப்பி ஒரு துளசியை வைத்தாங்க அம்மா. ஞாயிற்றுக்கிழமைத் துணி இப்போது என்னுடையது. நான் வெறுங்காலோடுதான் நிற்கிறேன், மெஷின் ஒன்றும் செய்வதில்லை. அம்மா மட்டும் இன்னும் அந்த நீலச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போறாங்க. எர்த் வந்துவிட்டதே, இனிமேல் எதற்கு என்று கேட்டேன்.

“உன் எர்த் இருக்கட்டும்டா. இது என் கால்ல பழகிப்போச்சு.”